ஏழு ஞாயிறும் ஓர் இறுதி ஆட்டமும்

ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றவனை வீட்டுக்கு அனுப்பிவிடும் போட்டியை நான் போட்டி என்றே ஒத்துக்கொண்டதில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாப் போட்டியும் அப்படித்தான். பொங்கலுக்குக் கபடி, கோடையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட், திருவிழாவுக்கு வாலிபால், எதை எடுத்தாலும் நாக் அவுட். வெளியூர்ப் பையன்கள் காலையில் வேனில் வந்து இறங்குவார்கள், ஒன்பது மணிக்குத் தோற்பார்கள், மரத்தடியில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் கோப்பையைத் தூக்குகிறவன்தான் சிறந்தவன் என்று மைக்கில் சொல்வார்கள். அவன் அன்றைக்குத் தோற்காதவன், அவ்வளவுதானே என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள். கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் புத்தி எனக்குத் தொழிலால் வந்தது. அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் மேடையில் பதினான்கு வருடமாக வேலை. லாரி காலியாக வரும்போது ஒரு எடை, ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு எடை. டிரைவர் கீழே இறங்கி நிற்க வேண்டும். சக்கரம் மேடையின் விளிம்பில் இருக்கக் கூடாது. “கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் தலைக்கேறும். சந்தேகம் வந்தால் இறக்கி ஏற்றி இன்னொரு தடவை போடுவேன். பின்னால் நிற்கும் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். திட்டட்டும் என்று இருப்பேன். நியாயமானவன் என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு விதைக்கடைக்கு மேல் மாடியில் பூல் விளையாடும் கூடம் ஒன்று இருக்கிறது. லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் துபாயிலிருந்து திரும்பி வந்து வைத்தது. எல்லோருக்கும் அவர் பாய். இரண்டே மேசை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு என்பதால் அரியலூரில் காலை பஸ் ஏறி அங்கே போய்விடுவேன். என் மனைவியிடம் யாராவது என்னைக் கேட்டால், “குச்சி வெளையாடப் போயிருக்காரு” என்பாள். அந்தக் குரலில் மரியாதை இருந்ததாக நினைவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துணி போர்த்திய மேசை, அதில் ஆறு பை. ஏழு பந்து எனக்கு, ஏழு பந்து உங்களுக்கு, கருப்பு ஒன்று பொது. வெள்ளைப் பந்தைக் குச்சியால் அடித்து, அதைக் கொண்டு நம் ஏழையும் பைக்குள் தள்ளிவிட்டுக் கடைசியாகக் கருப்பைத் தள்ளினால் ஜெயித்தோம். கருப்போடு சேர்ந்து வெள்ளையும் உள்ளே விழுந்துவிட்டால் ஆட்டம் போச்சு. அதுவரை எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் போச்சு.

அந்தக் கூடத்தில் எல்லோரையும்விட நன்றாக ஆடியவர் ரஞ்சன்குடி பக்கத்து ஆள். பெரம்பலூரில் சின்னக் கடை வைத்து, கருகிப்போன போர்வெல் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பியில் புதுக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். முடி மாதிரி இருக்கும் கம்பியை நாள் முழுக்கச் சுற்றி எண்ணிப் பழகிய கை. பேச்சு குறைவு. நான் ஒரு பந்தைத் தவறவிட்டால் பத்து நிமிடம் காரணம் சொல்வேன். அவர் தவறவிட்டால் ஓரமாகப் போய் நின்றுகொள்வார்.

பாய் வருடத்துக்கு ஒரு போட்டி வைப்பார். பதினாறு பேர், ஆளுக்கு ஓர் ஆட்டம், தோற்றவர் வெளியே. ஜெயித்தவர் பேரைச் சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் பெயின்டால் எழுதுவார். அண்ணன் பேர் அதில் ஏறவே இல்லை. முதல் வருடம் கருப்போடு வெள்ளையும் விழுந்தது. அடுத்த வருடம் பாதி ஆட்டத்தில் கரண்ட் போய்விட்டது. ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, பாய் காசைச் சுண்டிப் போட்டு எதிராளி ஜெயித்ததாகச் சொல்லிவிட்டார். மேசையில் எதிராளிக்கு இன்னும் ஐந்து பந்து கிடந்தது, அண்ணனுக்குக் கருப்பு மட்டும். அதற்கடுத்த வருடம் முதல் சுற்றிலேயே அவருக்கும் எனக்கும் சீட்டு விழுந்தது. அவர் என்னை ஜெயித்துவிட்டு அடுத்த ஆட்டத்தில் ஒரு கல்லூரிப் பையனிடம் தோற்றார். அந்தப் பையன் அதற்கப்புறம் அந்த மாடிக்கே வரவில்லை. பலகையில் மட்டும் இருக்கிறான்.

என் பேரும் பலகையில் இல்லை. அதைப் பற்றி நான் வெளியே பேசியதில்லை. அண்ணன் பேர் இல்லாததைப் பற்றித்தான் எல்லோரிடமும் பொருமுவேன்.

“இப்படி வெச்சா யாரு நல்லா ஆடுறான்னு எப்படித் தெரியும் பாய்?” என்று ஒரு தையில் நான் பிடித்துக்கொண்டேன்.

“வெளையாட்டுன்னா கொஞ்சம் நசீப் வேணும்ல” என்றார் பாய். நசீப் என்றால் அவர் பேச்சில் தலையெழுத்து.

“தலையெழுத்தப் பாக்கறதுக்கு எதுக்கு மேசை? சீட்டுக் குலுக்கிப் பேர எழுதிட்டுப் போயிடலாமே.”

பாய் சிரித்துவிட்டு, “அப்ப நீங்களே ஒரு முறை போட்டுக் குடுங்க. இந்த வருஷம் அப்படியே நடத்திருவோம்” என்றார். அண்ணன் அங்கேதான் இருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்காகத்தான் இந்த வேலையை எடுத்துக்கொள்கிறேன் என்று அப்போது உண்மையாகவே நினைத்தேன்.

ஒரு வாரம் எடைமேடையில் உட்கார்ந்து தாளில் கிறுக்கினேன். ஆளுக்கு இரண்டு உயிர் கொடுத்து, இரண்டு தடவை தோற்றால்தான் வெளியே என்று வைக்கலாம். சின்ன வயதில் தெரு விளையாட்டில் நாங்கள் செய்ததுதான். ஆனால் ஒரு உயிரைச் சீக்கிரம் விட்டவன் மற்றவனைவிட அதிக ஆட்டம் ஆடிக் களைத்துப்போவான். செஸ்ஸில் செய்கிற மாதிரி ஜெயித்தவனோடு ஜெயித்தவனை மோதவிடலாம். நாற்பது பேர் இருந்தால் அது சரி, எங்களுக்கு ஆள் இல்லை. நன்றாக ஆடுகிறவன் மற்றவனுக்கு இரண்டு பந்து விட்டுக்கொடுத்து ஆரம்பிக்கலாம் என்று பாய் சொன்னார். யார் நல்லவன் என்று கண்டுபிடிக்கத்தானே இவ்வளவும், அதை முன்னாலேயே யார் முடிவு செய்வது என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் முடிவு செய்தது இது. எட்டே பேர். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் ஆட வேண்டும். ஒவ்வொரு மோதலிலும் முதலில் ஐந்து ஆட்டம் ஜெயிப்பவர் வெற்றி. முதல் அடி மாறி மாறி. ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு மோதல், காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. ஏழு ஞாயிறு. முதல் இரண்டு இடத்துக்கு வருபவர்கள் எட்டாவது ஞாயிறு இறுதி ஆட்டம் ஆடுவார்கள், அதில் பதினொன்று ஜெயிக்க வேண்டும். யாருக்குக் காலை, யாருக்குச் சாயங்காலம் என்பதுகூட என் விருப்பம் இல்லை, எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்கி எடுப்போம். ஒரு தப்பு நடந்தால் அடுத்த ஆட்டத்தில் சரிசெய்துகொள்ளலாம். எத்தனை அதிகம் ஆடுகிறோமோ, தலையெழுத்துக்கு அத்தனை குறைவான இடம். இதற்கு மேல் நியாயமாக ஒரு முறையை யாரும் போட முடியாது என்று நான் அடித்துச் சொன்னேன். இப்போது கேட்டாலும் தாளில் அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது ஞாயிறு முடிந்ததும் அண்ணன் என்னைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் இரண்டு வாரம் காலையில் ஆடி இருவரையும் ஊதித் தள்ளியிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம், ஆடத் தெரியாத ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்காரனிடம் தோற்றிருந்தார். எல்லோருக்கும் ஆச்சரியம். கவனம் இல்லாமல் ஆடிவிட்டார் என்று நான் நினைத்தேன்.

“தம்பி, ஒன்னு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லிடாத” என்றார்.

“சொல்லுங்கண்ணே.”

“கண்ணு சரியில்ல. திருச்சில காட்டுனேன். சக்கரையால உள்ள ரத்தம் கசியுதுங்கறாங்க. ஊசி போடணுமாம். போட்டாலும் இருக்கறதக் காப்பாத்தலாம், போனது வராதுன்னுட்டாரு.”

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

“பகல்ல ஒன்னும் கொறை இல்ல. ஜன்னல் வெளிச்சத்துல நல்லாத் தெரியுது. மேசைக்கு மேல அந்த லைட்டப் போட்டாத்தான் பந்தோட ஓரம் கலைஞ்சு போயிடுது. ஒரு பந்து ரெண்டு மாதிரி இருக்கு. மிச்ச ஆட்டத்த எல்லாம் எனக்குக் காலைல வெச்சுடு. வேற ஒன்னும் வேணாம். அடுத்த வருஷம் நான் ஆடுவனான்னு தெரியல. பார்வை இருக்கறப்பவே அந்தப் பலகைல ஒரு தடவ ஏறிட்டாப் போதும்.”

அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேட்டார்.

நான் என் தாளில் இருந்ததைச் சொன்னேன். “சீட்டுல விழுந்த நேரம்ணே. உங்களுக்கு மாத்துனா நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான். ஏன் மாத்துனன்னு கேப்பான். நான் என்ன சொல்றது? உங்க கண்ணச் சொல்லவா?”

“அய்யோ வேணாம். கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தன் மோட்டார் கொண்டாந்து குடுக்க மாட்டான்” என்றவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, “நீ சொல்றதும் சரிதான். எல்லாருக்கும் ஒன்னுதான இருக்கணும்” என்றார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, சரியாகத்தான் நடந்துகொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் அதில் பொய் இல்லை. அன்றைக்கு நான் முறையைத்தான் காப்பாற்றினேன். அதை என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியும். அதற்கப்புறம் நடந்ததற்குத்தான் முடியாது.

ஐந்தாவது ஞாயிறு அவருக்கும் எனக்கும் மோதல். சீட்டில் காலை நேரம் விழுந்திருந்தது. கிழக்கு ஜன்னல் திறந்திருந்தது, கீழே விதைக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை ஐந்துக்கு இரண்டு என்று ஜெயித்தார். அந்த இரண்டும் அவர் பாவம் பார்த்துக் கொடுத்த மாதிரிதான் இருந்தது. வெள்ளைப் பந்து அவர் சொன்ன இடத்தில் போய் நின்றது. நான் பெரும்பாலும் சுவரோரம் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை எல்லாம் நான் ஒரு நோட்டில் குறித்து வைப்பது வழக்கம். வீட்டுக்குப் போய்ப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். காலையில் ஆடியவற்றில் மூன்றுக்கு இரண்டு அவர் ஜெயித்திருந்தார். வருடக்கணக்காக அப்படித்தான் இருந்திருக்கிறது. நானும் அவரும் சமம் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தது எந்தக் கணக்கில் என்று தெரியவில்லை.

ஏழு ஞாயிறும் முடிந்தபோது நான் முதலிடம், அண்ணன் இரண்டாமிடம். அவர் தோற்ற இரண்டும் சாயங்கால ஆட்டங்கள். நான் தோற்றது அவரிடம் மட்டும். இறுதி ஆட்டத்துக்குச் சீட்டுக் குலுக்கினோம். சாயங்காலம் வந்தது. அண்ணன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை பாய் போன் பண்ணினார். மேடையில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது.

“தம்பி, ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் எங்கூர்ல ஒரு நிக்காஹ். அக்கா மவளுக்கு. ஃபைனலக் காலைல வெச்சுருவோமா? நானும் இருந்த மாதிரி இருக்கும்.”

இங்கேதான் நான் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. பதில் முன்னாலேயே தயாராக இருந்தது.

“சீட்டுல வந்தத மாத்துனா பேச்சு வரும் பாய்.”

“யாரு பேசப் போறா? ரெண்டே பேருதான ஆடுறீங்க. அவரு சரின்னா சரி. அவரு வேணாங்க மாட்டாரு.”

“இல்ல பாய். மொதல்லயே சொல்லித்தான ஆரம்பிச்சோம். ரூல்னா ரூலுதான்.”

பாய் பெருமூச்சு விட்டார். “சரி. சாவிய விதைக்கடைல குடுத்துட்டுப் போறேன். இன்ஷா அல்லாஹ் நல்லபடியா முடிங்க.”

யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண் விஷயம் வெளியே வந்திருக்காது. கூடத்துக்குச் சொந்தக்காரரே கேட்கிறார். மாற்றியிருந்தால் ஒரு நாய்கூட என்ன என்று கேட்டிருக்காது. நான் போனை வைத்துவிட்டு லாரியின் எடையைப் பார்த்து எழுதினேன். ஒரு கிலோகூடப் பிசகவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு என் மேலேயே அருவருப்பு.

ஞாயிறு நாலரைக்கு ஆரம்பித்தோம். பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அந்த மாடியில் சாயங்காலம் ஐந்தரை வரைக்கும் வெளிச்சம் போதும். அண்ணன் அவசரம் அவசரமாக ஆடினார். எப்போதும் பந்தைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து, மறுபடி குனிகிறவர் அன்றைக்குக் குனிந்த உடனே அடித்தார். எல்லாம் விழுந்தது. ஆறுக்கு மூன்று என்று முன்னால் போனார். வேடிக்கை பார்த்தவர்கள், இன்றைக்கு என்ன இப்படி ஓட்டுகிறார் என்று பேசிக்கொண்டார்கள். எதற்கு என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். வெளிச்சம் போவதற்குள் பதினொன்றைத் தொட்டுவிடப் பார்த்தார்.

பத்தாவது ஆட்டத்துக்குப் பந்துகளை அடுக்கும்போது மேசையின் மறு ஓரம் மங்கிவிட்டது.

“லைட்டப் போடுங்கப்பா” என்று யாரோ சொன்னார்கள்.

“இன்னும் கொஞ்ச நேரம் போகட்டுமே” என்றார் அண்ணன், என்னைப் பார்த்து.

ஸ்விட்ச் என் பக்கத்துச் சுவரில் இருந்தது. நான் போட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பைக்கு வாயில் கிடந்த பந்தை, சின்னப் பிள்ளைகூடத் தள்ளிவிடும் பந்தை, அவர் ஓரத்தில் உரசிவிட்டுப் போனார். நின்று சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார். திரும்பக் குனிந்தார். ஒரு தடவை என் பந்தைத் தன்னுடையது என்று அடித்தார். “என்னண்ணே, டென்ஷனா?” என்று ஒருவன் கேட்டான். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அப்படியும் இரண்டு ஆட்டம் ஜெயித்தார். எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் எட்டு ஜெயித்தேன். பதினொன்றுக்கு எட்டு.

கை கொடுத்தார். அவர் கை ஈரமாக இருந்தது. “நல்லா ஆடுன தம்பி” என்றார். நானும் ஏதோ சொன்னேன். அடுத்த வாரம் பாய் என் பேரைப் பலகையில் எழுதினார். எழுத்து அழகாக இருந்தது. நான் அதற்கு முதுகு காட்டி நின்று ஆடப் பழகிக்கொண்டேன்.

அண்ணனுக்கு ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். ஆடிக்குள் ஒரு கண் போய்விட்டது. மற்றதில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. கடையை மூடவில்லை. இப்போது அவர் மனைவிதான் காயில் சுற்றுகிறார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சுற்றை எண்ணுகிறார். இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் கணக்கை விட்டுவிடுவார் என்று சொல்லிக்கொண்டு சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டேன்.

அடுத்த வருடமும் என் முறையிலேயே போட்டி நடந்தது. எல்லோருக்கும் அது பிடித்துப்போயிருந்தது. அந்த வருடம் நான் மூன்றாவதாக வந்தேன். பரிசு கொடுக்க அண்ணனைக் கூப்பிட வேண்டும் என்று பாய் ஆசைப்பட்டார். அவரே போய் காரில் கூட்டி வந்தார். மாடிப்படியில் அண்ணன் ஒவ்வொரு படியாகக் காலால் தடவிக்கொண்டு ஏறினார்.

கோப்பையைக் கொடுத்த பிறகு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேச மாட்டார் என்று நினைத்தேன். பேசினார்.

“முன்னெல்லாம் இங்க தோத்தா, நம்ம நேரம் சரியில்ல, அவ்வளவுதான்னு சொல்லிக்கிட்டு வூட்டுக்குப் போயிடுவேன். கரண்ட் போச்சு, வெள்ளப் பந்து விழுந்துடுச்சு, எதாவது ஒன்னு இருக்கும் சொல்றதுக்கு. போன வருஷம் தம்பி போட்ட மாதிரி ஆடுனதுல அதுக்கெல்லாம் எடமே இல்ல. ஏழு பேரோட ஆடி, அப்புறமும் பத்தொம்பது ஆட்டம் ஆடியாச்சு. நான் ரெண்டாவதுதான். கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா தெரிஞ்சு போச்சுல்ல, அது ஒரு நிம்மதி. இதையே விடாம நடத்துங்க.”

கை தட்டினார்கள். பாய் என் தோளைத் தட்டினார்.

பாய் காரில் விடுவதாகச் சொன்னார். நானே பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். மதியம் இரண்டு மணி வெயில். விதைக்கடையில் மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவே அவரைச் சுற்றிக் கூட்டி வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தோம். நிழலில் நிறுத்தியதும் சொல்லிவிட்டேன்.

“அண்ணே, அந்த ஃபைனல காலைல வெச்சிருந்தா நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க.”

“அது சீட்டுல விழுந்தது தம்பி.”

“பாய் காலைல வெக்கலாம்னு கேட்டாரு. அவங்கூர்ல நிக்காஹ் இருந்துச்சு. நான்தான் மாட்டேன்னுட்டேன். ரூலுக்காக இல்லண்ணே. காலைல உங்கள என்னால ஜெயிக்க முடியாது. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். தெரிஞ்சேதான் பண்ணேன்.”

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. என்னைத் தாண்டிச் சற்று ஓரமாக எதையோ பார்ப்பது மாதிரி இருந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பலகைல பேர மாத்தச் சொல்லிடறேன். இன்னைக்கே பாய்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்” என்றேன்.

“என்னால படிக்க முடியாத பலகைல எம்பேரு எதுக்கு?” என்றார்.

ஒரு துறையூர் பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர் அது போகும்வரை பொறுத்திருந்தார்.

“ஏன் தம்பி இப்ப சொன்ன?”

“மனசு கேக்கலண்ணே.”

“உம் மனசுக்காகச் சொல்லிட்ட” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. “நான் ரெண்டாவதுதான்னு ஒத்துக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. கண்ணு போனதக்கூடச் சீக்கிரம் ஒத்துக்கிட்டேன். இதுதான் நாளாச்சு. இப்ப நீ வந்து நான்தான் மொதல்ங்கற. அத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இனிமே ஆடியா காட்ட முடியும்?”

மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. அதுவும் எனக்காகத்தானே என்று விழுங்கிவிட்டேன்.

அவர் ஊர்ப் பக்கம் போகும் டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் பழக்கமானவர் போலிருக்கிறது, “வாங்கண்ணே” என்று இறங்கி வந்து கையைப் பிடித்தார். அண்ணன் என் பிடியிலிருந்து முழங்கையை எடுத்துக்கொண்டு அவரோடு ஏறினார். முன்பக்கத்து ஜன்னலோரத்தில் உட்கார வைத்தார்கள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. பஸ் நகர்ந்தபோது நான் கீழே நின்று கையை ஆட்டினேன். அவர் நேராகப் பார்த்தபடியே போனார். நான் கையை ஆட்டுவது அவர் கண்ணுக்குத் தெரியாது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.